நகராத நாலாம் படை

“என் போர்ல நாலாயிரம் பேர் செத்தாங்க. ஆனா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல.”

ஜெனிட்டா இதைச் சொன்னபோது பேச்சித்தாய் பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“யாருக்கு ஒண்ணும் ஆகல?”

“ஆடினவங்களுக்கு.”

“செத்தவங்களுக்கு?”

“அவங்க புளியங்கொட்டைங்க.”

பேச்சித்தாய் கொடியை ஆணியில் மாட்டினாள்.

“உக்காருங்க.”

தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளங்களுக்கு நடுவில் ஒரு ரயில்வே கேட். கேட்டை ஒட்டி ஓர் அறை, ஒரு ஃபோன், ஒரு பெஞ்சு. நாலு பக்கமும் வெள்ளை. பேச்சித்தாய் அங்கே கேட் கீப்பர். காலையிலிருந்து மதியம் இரண்டு மணி வரை அவளுக்கு டூட்டி.

டூட்டி முடிந்தால் அவள் கதைசொல்லி.

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆடும் கதையாட்டம் அது. ஆளுக்கொரு பாத்திரம். கதைசொல்லி உலகத்தைச் சொல்வாள். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவார்கள். ஜெயிப்பவர், தோற்பவர் என்று யாரும் கிடையாது. கதை மட்டும் போய்க்கொண்டே இருக்கும், வருஷக்கணக்கில்.

அந்தக் கதையில் ஒரு பெரிய போர் வந்துவிட்டால்தான் தொல்லை. அதை நடத்தத் தெரிந்தவர்கள் குறைவு. பேச்சித்தாய்க்குத் தெரியும் என்றார்கள்.

அவளுடைய போர்களில் ஆடியவர்கள் நாகர்கோவிலில் இருந்தார்கள், மதுரையில் இருந்தார்கள். அங்கே என்ன நடந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றினார்கள். ஒருவன் மட்டும் சொன்னான்: “வந்து ரெண்டு நாளு செருப்ப உள்ள எடுத்து வைக்கல. வாசல்லயே விட்டுட்டேன்.”

“ஏன்?”

“யாராச்சும் போட்டுட்டுப் போகட்டும்னு. பாவம், வெறுங்காலோட எவ்வளவு தூரம் நடப்பாங்க?”

ஜெனிட்டா சிரித்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

“என்ன படிக்கீங்க?” என்று கேட்டாள் பேச்சித்தாய்.

“எம்.ஏ. வரலாறு. ரெண்டாம் வருஷம்.”

“வயசு?”

“இருபத்திநாலு.”

“அப்ப எனக்கு அக்கா. சொல்லுங்கக்கா.”

ஜெனிட்டாவுக்கு முதல் எரிச்சல் அங்கேயே வந்தது. கற்றுக்கொள்ள வந்த இடத்தில் குருவே தன்னை அக்கா என்று கூப்பிட்டால், தான் அவளை என்னவென்று கூப்பிடுவது? கடைசிவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலே பேசினாள்.

“ரெண்டு வருஷமா ஒரே கதை. வெண்குடான்னு ஒரு கோட்டை. அதப் பிடிக்க ஒன்பதாயிரம் பேர் வர்றாங்க. போன ஞாயித்துக்கிழமை அந்தப் போர். மூணு வாரம் உக்காந்து தயார் பண்ணினேன். சார்ட் பேப்பர்ல வரைபடம், ஆளுங்களுக்குப் புளியங்கொட்டை. அஞ்சு படை. ஒவ்வொரு படைக்கும் பலம் இவ்வளவு, வேகம் இவ்வளவு, பசி இவ்வளவு.”

“பசியுமா?”

“உணவு இல்லாம எந்தப் படையும் நகராது. அதுக்கு ஆதாரம் இருக்கு.”

“சரி.”

“அஞ்சு மணி நேரம் நடந்துச்சு. சுடலைன்னு ஒருத்தன், கோட்டை வாசல்ல நிக்கிற காவலன் அவன் பாத்திரம். ‘நான் என்ன செய்ய?’ன்னு கேட்டான். ‘கொஞ்சம் இரு, நாலாம் படை இன்னும் நகரல’ன்னு சொன்னேன். அவன் கீழ எறங்கிப் போயி புரோட்டா சாப்பிட்டுட்டு வந்தான். வந்து, ‘நாலாம் படை நகந்துருச்சா?’ன்னு கேட்டான்.”

“நகந்துருச்சா?”

“இல்ல.”

பேச்சித்தாய் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஜெனிட்டாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“நஸ்ரின் ஃபோன் பாத்தா. ரீகன் தூங்கிட்டான். மணி எட்டாச்சு. பாதிப் போர்ல எந்திரிச்சுப் போனாங்க. சுடலை சொல்லிட்டான், ‘வர்ற ஞாயிறு ஒரு தடவ வாரேன். அன்னிக்கும் இப்படித்தான்னா எனக்குப் போதும்.’ அவன் போனா மத்த ரெண்டு பேரும் போயிருவாங்க. ரெண்டு வருஷக் கதை பாதியில நிக்கும்.”

“போர் நடக்கையில நீங்க எங்க நின்னீங்க?”

“நான் எங்கயும் நிக்கல. நான் கதைசொல்லி. மேலருந்து முழுசும் பாத்தேன்.”

“மேலருந்துன்னா?”

“பருந்து பாக்கிற மாதிரி.”

“அந்தப் போர்ல பருந்து உண்டா?”

“இல்ல.”

“அப்ப பாத்தது யாரு?”

ஜெனிட்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“கேள்விக்குக் கேள்வி பதில் ஆகாது. புதிர் போடுறவங்க எல்லாரும் ஞானின்னு நம்புற ஆள் நான் இல்ல. எனக்கு விதி வேணும். ஒன்பதாயிரம் பேர எப்படி நகத்துறது, மூணு பேருக்கு எப்ப வாய்ப்புக் குடுக்கிறது, பகடை எத்தன தடவ. சொன்னீங்கன்னா எழுதிக்கிறேன்.”

ஃபோன் அடித்தது.

பேச்சித்தாய் எடுத்து, கேட்டு, ஓர் எண்ணைச் சொல்லி, ஓர் எண்ணை எழுதிக்கொண்டாள். வெளியே போய் கேட்டை இறக்கினாள். சாலையில் ஒரு வண்டியும் இல்லை. அப்படியிருந்தும் இறக்கினாள்.

கூட்ஸ் வந்தது. நிலக்கரி. நீளமாகப் போனது. தரை அதிர்ந்து அடங்க வெகு நேரம் ஆனது.

பேச்சித்தாய் கொடியைச் சுருட்டியபடி வந்தாள்.

“என்ன பாத்தீங்க?”

ஜெனிட்டா இதை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். “ஐம்பத்தெட்டுப் பெட்டி.”

“கடைசிப் பெட்டியில ஒருத்தர் உங்களுக்குக் கை காட்டினாரே. நீங்க ஏன் காட்டல?”

“யாரு?”

“கார்டு.”

“நான் எண்ணிக்கிட்டு இருந்தேன்.”

பேச்சித்தாய் தலையாட்டினாள்.

இரண்டு மணிக்கு மாற்று ஆள் வந்தார். இருவரும் வெளியே வந்தார்கள். அறைக்குப் பின்னால் ஓர் உடைமரம். அதன் அடியில் இரண்டு கல் பெஞ்சு. அதற்கப்புறம் உப்பளம். மதிய வெயிலில் அது கண்ணைக் கூசவைத்தது. ஆள் நடமாட்டமே இல்லை.

“எங்கிட்ட விதி ஒண்ணே ஒண்ணு உண்டு,” என்றாள் பேச்சித்தாய். “பெரிய போருன்னா, உங்க பாத்திரத்த எடுக்கதுக்கு முன்னாடி எதிர்ப் படையில ஒருத்தனா ஆடணும். பேரு கிடையாது. வாளு திறமை, வேல் திறமை ஒண்ணும் கிடையாது. அவன் சாகணும், இல்ல போகணும். அதுக்கப்புறந்தான் உங்க ஆளு.”

“இது நேர விரயம்.”

“நாலாம் படை நகருத நேரத்துல இத ஆடிறலாம்.”

பேச்சித்தாய் பகடையை அவள் கையில் கொடுத்தாள்.

“நீங்க நிக்கீங்க. மூடுபனி. என்ன தெரியுது?”

“எத்தனாவது படை?”

“உங்களுக்கு அது தெரியாது. என்ன தெரியுது?”

ஜெனிட்டா பெருமூச்சு விட்டாள். “முன்னாடி நிக்கிறவன் முதுகு.”

“எப்படி இருக்கு?”

“முதுகு மாதிரி இருக்கு.”

பேச்சித்தாய் காத்திருந்தாள். வேறு வழியில்லாமல் ஜெனிட்டா பார்க்க ஆரம்பித்தாள்.

“தோல் சட்டை. தையல் விட்டிருக்கு. யாரோ வேற நிற நூல் போட்டுத் தச்சிருக்காங்க. சிவப்பு நூல். தச்சவங்களுக்குத் தைக்கத் தெரியல. இல்ல, அவசரத்துல தச்சிருக்காங்க.”

“எடப்பக்கம்?”

“தெரியல. பனி. மூச்சு விடுற சத்தம் மட்டும் கேக்குது.”

இதைச் சொன்ன பிறகுதான் ஜெனிட்டாவுக்கு உறைத்தது. மூச்சுச் சத்தம் உண்மையாகவே கேட்டது. இடது பக்கத்திலிருந்து. மூக்கடைத்தவன் வாயால் விடும் மூச்சு.

பேச்சித்தாய் வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

“பேச்சுக் குடுங்க அவன்ட்ட,” என்றாள்.

வாதத்தில் பின்வாங்கிப் பழக்கமில்லாதவள் ஜெனிட்டா. தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் பெயரில்லாதவனாகவே கேட்டாள்:

“எவ்வளவு நேரமா நிக்கோம்?”

“போன ஞாயித்துக்கெழமையில இருந்து.”

ஆண் குரல். களைத்த குரல்.

பேச்சித்தாயின் உதடு அசைந்ததா என்று பார்த்திருக்க வேண்டும். ஜெனிட்டா பார்க்கவில்லை. அவள் கண் அந்தச் சிவப்பு நூலைவிட்டு நகரவில்லை. எதிரே உப்பளம்தான் இருந்தது, ஆனாலும் நகரவில்லை.

“யாரு நிக்கச் சொன்னா?” என்று கேட்டாள். குரல் தன்னுடையது மாதிரி இல்லை.

“யாரும் சொல்லல. மேலருந்து ஒரு கை வரும். கை பட்டவன் நகருவான். எங்க பக்கம் வரவே இல்ல.”

“பசிக்குதா?”

“பசி எங்களுக்கு ஆறு.”

நாலாம் படையின் பசிக்கு ஜெனிட்டா போட்ட எண் அதுதான். இங்கே யாரிடமும் அவள் அதைச் சொல்லியிருக்கவில்லை.

“இது ஆட்டம்,” என்றாள், கொஞ்சம் கோபமாக. “நான் எழுதினது. ஒரு சார்ட் பேப்பர்.”

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“உங்க முறை,” என்றாள் பேச்சித்தாய், வலது பக்கத்திலிருந்து. “என்ன செய்யுதீங்க?”

எத்தனையோ ஞாயிறுகளில் மற்றவர்களைப் பார்த்து ஜெனிட்டா கேட்ட கேள்வி. அது தன்னை நோக்கி வந்தபோது இவ்வளவு தனியாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

“திரும்பி நடக்கேன்.”

“உருட்டுங்க.”

உருட்டினாள். பேச்சித்தாய் பகடையைப் பார்த்தாள்.

“நடக்கீங்க. யாரும் தடுக்கல. பத்தடி. இருபதடி. பின்னாடி காலடிச் சத்தம் கேக்கு.”

“எத்தன பேர்?”

“திரும்பிப் பாத்தா தெரியும்.”

ஜெனிட்டா திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்தாள், பையை எடுத்தாள், பஸ் நிற்கும் இடம் வரை உப்பளத்து வரப்பில் வேகமாக நடந்தாள். உப்புத் தரை நெறுநெறுவென்று சத்தம் போட்டது. அவள் நின்றதும் அது உடனே நிற்கவில்லை.

ஞாயிறு மூன்று மணிக்கு ரீகன் வீட்டு மாடி அறையில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். ஜன்னல் வழியாக நல்ல வெயில்.

“சார்ட் எங்க?” என்றான் சுடலை.

“இல்ல.”

“புளியங்கொட்டை?”

“இல்ல.”

“ஜெனிட்டா, அப்ப புரோட்டாக் கடைக்கு இப்பவே போயிறவா?”

“உக்காருல. முதல்ல ஆளுக்கொருத்தன் எதிர்ப் படையில நிக்கணும்.”

“நானா? நான் கோட்டைக் காவலன்.”

“அப்புறம் அவன். இப்ப பனிக்குள்ள நிக்க. என்ன தெரியுது?”

சுடலை முதலில் கிண்டல் செய்தான். முன்னால் நிற்பவனுக்குத் தொப்பை என்றான். தொப்பை உள்ளவன் ஏன் படைக்கு வந்தான் என்று ஜெனிட்டா கேட்டாள். யோசித்தான். “அவன் சமையக்காரன். ஆள் பத்தலன்னு ஈட்டியக் குடுத்துட்டாங்க,” என்றான். அதற்கப்புறம் கிண்டல் செய்யவில்லை.

நஸ்ரினுடைய ஆள் அம்பு பட்டு விழுந்தான். ரீகனுடைய ஆள் ஒரு வாய்க்காலுக்குள் ஒளிந்து அங்கேயே இருந்துவிட்டான். சுடலையின் ஆள் சமையல்காரனை இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தான். முடியவில்லை.

பிறகுதான் கோட்டை.

ஒன்பதாயிரம் பேர் என்று ஜெனிட்டா ஒரு முறைகூடச் சொல்லவில்லை. நஸ்ரின் ஏறிய ஏணியில் ஒரு படி உடைந்திருந்ததைச் சொன்னாள். ரீகனிடம் செய்தி கொண்டுவந்தவன் செய்தியின் பாதியை மறந்துபோனதைச் சொன்னாள். ஒவ்வொருவரும் கையெட்டும் தூரத்தில் இருப்பதை மட்டும் பார்த்தார்கள். அதற்கு அப்பால் இருந்ததெல்லாம் சத்தமாக மட்டும் வந்தது. அந்தச் சத்தத்தில் கொஞ்சம்தான் ஜெனிட்டாவின் வாயிலிருந்து வந்தது.

யாரும் ஃபோனை எடுக்கவில்லை.

ஐந்தரை மணிக்குச் சுடலை வாசல் மேலிருக்கும் மதிலில் நின்றான். பக்கத்தில் கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரை. கொப்பரையைச் சாய்க்கலாமா என்பது மட்டும்தான் பாக்கி. பகடை அவன் உள்ளங்கையில் இருந்தது.

“சாய்ச்சா கோட்டை தப்பிக்கும்,” என்றான் ரீகன்.

“தெரியும்.”

“சாய்க்கலன்னா ரெண்டு வருஷம் வீண்.”

“தெரியும்ல. வாய மூடு.”

உருட்டவில்லை. எட்டிப் பார்ப்பது போல் மேசை விளிம்பில் குனிந்தான்.

“கீழ யாரு?”

“பனி,” என்றாள் ஜெனிட்டா. “மூச்சுச் சத்தம் மட்டும் கேக்குது.”

“நிறைய பேரா?”

“கேக்குதுல்ல. நீயே சொல்லு.”

சுடலை கேட்டான். எல்லோரும் கேட்டார்கள். நஸ்ரின் கால்களை மெல்லத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டாள்.

“இவங்க ஏன் இன்னும் அடிக்கல?”

“உத்தரவு வரல.”

“உத்தரவு குடுக்கது யாரு?”

தளபதி பெயர் ஒன்று ஜெனிட்டாவிடம் தயாராக இருந்தது. அவனுடைய வம்சாவளிகூட எழுதி வைத்திருந்தாள். வாய் திறந்தாள்.

“நான்தான்,” என்றாள்.

சுடலை அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“அப்ப போகச் சொல்லு.”

“அப்படிச் சொல்ல முடியாதுல. அவங்க கோட்டையப் பிடிக்க வந்தவங்க. ரெண்டு வருஷமா அதுக்குத்தான் வந்துக்கிட்டிருக்காங்க. அவங்களுக்கும் ஒரு நோக்கம் உண்டு, காரணம் உண்டு.”

“அவங்களாவா வந்தாங்க?”

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் ஜெனிட்டா. ஆசிரியர்களிடம், பஸ் கண்டக்டர்களிடம், பங்குத் தந்தையிடம் வைத்திருந்தாள். இப்போது தேடினாள். இல்லை.

மூன்று பேரையும் விட்டுவிட்டு, மேசைக்கு அப்பால், யாரும் இல்லாத சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

“போகலாம்,” என்றாள். “வீட்டுக்குப் போங்க.”

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒரு சத்தம். ரொம்ப நேரமாகத் தூக்கி வைத்திருந்ததைப் பலர் ஒரே சமயத்தில், சத்தம் வராமல், கீழே வைக்கிற சத்தம்.

நஸ்ரின் நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு நடுவில் இடம் விட்டாள்.

சுடலை பகடையை மேசையில் வைத்தான். எழுந்து போய் அறைக் கதவைத் திறந்தான். முழுசாகத் திறந்து, அது மூடிக்கொள்ளாதபடி முதுகைக் கொடுத்து, ஒதுங்கி நின்றான்.

ஜன்னல் வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறியது.

“முடிஞ்சுதா?” என்றான் ரீகன், தணிந்த குரலில்.

சுடலை கதவை விட்டு அசையவில்லை.

“இருல. இன்னும் வெளிய வந்துக்கிட்டு இருக்காங்க.”